மருந்துக்குப் பதில் மூலிகை: கறிக்கோழித் தீவனத்தில் எதை எதனால் ஈடுசெய்வது?

தீவனத்தில் தொடர்ந்து கலந்துவந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது என்று தீர்மானித்தவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அந்த இடத்தில் எதைப் போடலாம்? விடைகளுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள், பூண்டு, வேம்பு, நிலவேம்பு முதலியவற்றின் பொடிகள், ஓரிகானோ, பட்டை, கிராம்பு ஆகியவற்றின் நறுமண எண்ணெய்கள், மரங்களிலிருந்து எடுக்கும் துவர்ப்புப் பொருள்களான டானின்கள், இவற்றுக்குப் போட்டியாகக் கரிம அமிலங்கள், நன்மை செய்யும் பாக்டீரியாக்கள், ஈஸ்ட்டின் செல்சுவர்ப் பொருள்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஆன்டிபயாடிக் அந்தக் கொட்டகையில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்காமல், இவற்றில் எது சிறந்தது என்று தரவரிசை போடுவதால் பயனில்லை.

பண்ணைக்குள் ஆன்டிபயாடிக் மூன்று வழிகளில் நுழைகிறது. நோயுற்ற கோழிகளுக்குச் சிகிச்சையாக ஒரு வழி; நோய் வரக்கூடும் என்று எதிர்பார்க்கும் நாள்களில் முன்தடுப்பாக இன்னொரு வழி; எந்த நோயும் இல்லாதபோதும், டன்னுக்குச் சில கிராம் முதல் சில பத்து கிராம் வரையிலான குறைந்த அளவில், வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலப்பது மூன்றாவது வழி. தாவரச் சேர்க்கைகளை மூன்றாவது வேலையோடு முழுமையாகவும் இரண்டாவதோடு ஓரளவும் ஒப்பிடலாம். முதல் வேலைக்கு அவை மாற்று அல்ல. கோழிகள் சாகத் தொடங்கிய கொட்டகையில் பூண்டுச் சாற்றை ஊற்றிக்கொண்டு காத்திருப்பது சிக்கனமும் அல்ல, இயற்கை முறையும் அல்ல. அங்கே கால்நடை மருத்துவரும், நோய்க்குப் பொருந்திய மருந்தும், மருந்தை நிறுத்திய பின் விற்பனைக்கு முன் காத்திருக்க வேண்டிய விலக்கு நாள்களும்தான் வேண்டும்.

வளர்ச்சியூக்கி என்ற பயன்பாடே தற்செயலாக வந்தது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும், குஞ்சுகளுக்கான வைட்டமின் பி12 மூலத்தைத் தேடியபோது, குளோர்டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்து எஞ்சிய நொதிப்புக் கழிவு வைட்டமினால் மட்டும் விளக்க முடியாத வளர்ச்சியைத் தருவதைக் கண்டார்கள். 1951இல் அமெரிக்கா தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க அனுமதித்தது. அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவிய பிறகு விலை தெரியவந்தது. அவோபார்சின் என்ற வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக் கொடுத்த கோழிகளின் குடலில், மனித மருத்துவத்தில் கடைசிக்கட்ட மருந்தாக வைத்திருந்த வான்கோமைசினுக்கும் அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் தென்பட்டன. 2015இல், கொலிஸ்டின் என்ற இன்னொரு கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குக்கான எதிர்ப்பை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு சீனாவில் கண்டறியப்பட்டது. சுவீடன் 1986லேயே வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக்குகளைத் தடை செய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுத் தடைக்கு வந்தது. மனிதர்களுக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அமெரிக்கா 2017இல் நிறுத்தியது. 2019இல் இந்தியா உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. 2020இல் சீனா தீவனத்தில் வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தியது. ஆகவே பல இடங்களில் நிறுத்துவதா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது எப்படி ஈடுகட்டுவது என்பதே.

ஈடுகட்ட வேண்டிய அளவு எவ்வளவு?

விற்பனையாளர்கள் அதிகம் பேசாத கணக்கு இது. டென்மார்க்கின் கறிக்கோழித் துறை 1998 பிப்ரவரியில் வளர்ச்சியூக்கிகளைத் தானாக முன்வந்து கைவிட்டது. அதற்கு முன்னும் பின்னுமாக, 1995 முதல் 1999 வரை வளர்க்கப்பட்ட சுமார் 6,800 பேட்ச்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்த எடையிலும் இறப்பிலும் பாதகமான மாற்றம் இல்லை. ஒரு கிலோ எடைக்குத் தேவைப்பட்ட தீவனம், அதாவது எஃப்.சி.ஆர்., 0.016 மட்டுமே உயர்ந்திருந்தது.

இதைப் பண்ணைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். சராசரி 2 கிலோ எடையில் 10,000 கோழிகள் விற்பனைக்குப் போகின்றன என்றும் எஃப்.சி.ஆர். 1.60 என்றும் வைத்துக்கொண்டால், மொத்தத் தீவனம் 32,000 கிலோ. எஃப்.சி.ஆர். 0.016 கூடினால் கூடுதலாகச் செல்வது 320 கிலோ, அதாவது சரியாக 1 விழுக்காடு. ஒரு தாவரச் சேர்க்கை தீவனச் செலவில் 1 விழுக்காட்டுக்கு மேல் கூட்டினால், டென்மார்க் இழந்த அளவு முழுவதையும் அது மீட்டுக் கொடுத்தாலும்கூட பண்ணையாளருக்கு மிச்சம் எதுவும் இல்லை. எந்தப் பொருளை எடைபோடும்போதும் முதலில் கேட்க வேண்டியது இந்த விழுக்காட்டைத்தான். அதன் பிறகுதான் மூலிகையின் பெருமை.

இந்தக் கணக்கில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, அந்தக் கொட்டகைகள் நன்கு பராமரிக்கப்பட்டவை. வளர்ச்சியூக்கியின் பலன் சூழலின் அழுக்கைப் பொறுத்தது என்பது பழைய செய்தி. நுண்ணுயிர்களே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் வளர்ச்சி கூடவில்லை என்று 1960களிலேயே காட்டியிருக்கிறார்கள். தரையில் பரப்பிய கூளம் ஈரமாகவும் கோழிகள் நெரிசலாகவும் உள்ள கொட்டகையில் மருந்தை எடுத்தால் இழப்பு 1 விழுக்காட்டோடு நிற்காது. இரண்டாவது நிபந்தனை இன்னும் முக்கியமானது: டென்மார்க் அயனோஃபோர்களைக் கைவிடவில்லை. சாலினோமைசின், மோனென்சின் போன்ற இந்த மருந்துகள் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணிகளை அடக்குவதற்காகக் கொடுக்கப்படுபவை. ஆனால் குடல் அழுகல் நோய்க்குக் காரணமான கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் பாக்டீரியாவையும் அவை ஓரளவு அடக்குகின்றன. ஐரோப்பாவில் இவை ஆன்டிபயாடிக் கணக்கில் வருவதில்லை, அமெரிக்காவில் வருகின்றன. ஆகவே ‘ஆன்டிபயாடிக் இல்லாத வளர்ப்பு’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வளர்ப்பு முறைகள் உலவுகின்றன. அயனோஃபோர் தொடரும் கொட்டகைக்கும் அதுவும் நிறுத்தப்பட்ட கொட்டகைக்கும் ஒரே சேர்க்கையைப் பரிந்துரைக்கும் எவரையும் நான் நம்பமாட்டேன்.

தாவரச் சேர்க்கைகளுக்குள்ளேயே உள்ள வேறுபாடு

‘மூலிகை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது உலர்த்தி அரைத்த பொடிகள். மஞ்சள், இஞ்சி, கருஞ்சீரகம், வெந்தயம், முருங்கையிலை, கீழாநெல்லி எல்லாம் இந்த வகை. எளிதில் கிடைப்பதும், பண்ணையிலேயே கலக்க முடிவதும் இவற்றின் பலம். பலவீனம் அளவில் இருக்கிறது. பலன் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் டன்னுக்கு 5 முதல் 10 கிலோ வரை போட வேண்டியிருக்கும், அந்த இடத்தில் இருந்த மக்காச்சோளமோ சோயாப் புண்ணாக்கோ வெளியேறுகிறது, நார்ச்சத்து ஏறுகிறது, கலவையின் சத்துக் கணக்கை மறுபடியும் போட வேண்டும். மஞ்சளில் குர்குமின் 2 முதல் 5 விழுக்காடு வரை மாறுகிறது. ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம் என்பதே இதன் பொருள். பூண்டின் சிக்கல் வேறு விதம்: பல்லை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அல்லிசின் உண்டாகிறது, அந்த நொதியைச் சூடு கெடுத்துவிடும், உண்டான அல்லிசினும் நீண்ட நேரம் நிலைப்பதில்லை. ஆகவே அதிகச் சூட்டில் உலர்த்திய பொடியில் பூண்டின் வாசனை இருக்கலாம். எதிர்பார்த்த வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. சரியாக உலர்த்தாத பொடிகளில் பூஞ்சை நச்சும், சில சமயம் சால்மோனெல்லாவும் வருவதுண்டு. குடலைக் காப்பதற்கு வாங்கிய பொருளே குடலுக்குக் கேடு கொண்டுவரும் அபத்தம் இது.

இரண்டாவது வகை நறுமண எண்ணெய்களும் அவற்றின் தனிச் சேர்மங்களும். ஓரிகானோவின் கார்வக்ரால், தைம் செடியிலும் ஓமத்திலும் உள்ள தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு, கிராம்பின் யூஜினால் ஆகியவையே பெரும்பாலான வணிகக் கலவைகளின் அடிப்படை. அளவு டன்னுக்கு 100 முதல் 200 கிராம் என்பதால் சத்துக் கணக்கு கலையாது. கார்வக்ராலும் தைமாலும் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் புகுந்து அதைக் கசியவைக்கின்றன என்பது ஆய்வகத்தில் நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் ஆய்வகத் தட்டிலிருந்து கோழியின் குடலுக்குத் தாவும்போதுதான் பல விளம்பரங்கள் சறுக்குகின்றன. தட்டில் ஈ.கோலை வளர்ச்சியை நிறுத்த லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தேவைப்படுகிறது. தீவனத்தில் போடுவதோ கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில். அதிலும் பெரும்பகுதி குடலின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கிளாஸ்டிரிடியம் தொல்லை கொடுக்கும் இடத்தை எண்ணெய் சென்றடைய வேண்டுமானால், கொழுப்பு உறையிலோ வேறு பூச்சிலோ அதைப் பொதிந்து தர வேண்டும்.

அப்படியானால் உறையில்லாத எண்ணெயும் சில ஆய்வுகளில் பலன் தந்ததே, எப்படி? நேரடியாகக் கொல்வதைக் காட்டிலும் செரிமானச் சுரப்புகளைத் தூண்டுவதும் குடல் அழற்சியைத் தணிப்பதும் பெரிய பங்கு வகிக்கலாம் என்பது ஒரு விளக்கம். வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக்குகளே பாக்டீரியாவைக் கொல்வதைவிட அழற்சியைக் குறைத்துத்தான் வேலை செய்தன என்ற கருதுகோளை 2007இல் தியோ நிவோல்ட் முன்வைத்தார். குடல் அழற்சியில் செலவாகும் சத்து மிச்சமானால் அது இறைச்சியாகிறது என்பது அதன் சாரம். இது சரியென்றால், தாவரச் சேர்க்கையின் தகுதியைத் தட்டில் எத்தனை மில்லிமீட்டர் வட்டத்தில் பாக்டீரியா செத்தது என்று அளப்பது தவறான அளவுகோல்.

எண்ணெய்களுக்கு இன்னொரு எதிரி தீவன ஆலை. குச்சித் தீவனம் செய்யும்போது மாவு 80 டிகிரிக்கும் மேல் நீராவியில் பதப்படுகிறது. குச்சி வெளிவரும் வாயில் ஓரிகானோ மணம் மூக்கைத் துளைத்தால், தாராளமாகக் கலந்திருக்கிறார்கள் என்று மகிழ்வது வழக்கம். உண்மையில் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் நீராவியோடு கூரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாவுத் தீவனம் போடுபவருக்கு இந்த இழப்பு குறைவு. குச்சித் தீவனம் போடுபவர் பதப்படுத்திய பிறகு எடுத்த மாதிரியில் கார்வக்ரால் எவ்வளவு மிஞ்சியது என்ற சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது வகை டானின்கள், நுரை தரும் தாவரச் சேர்மங்களான சப்போனின்கள் போன்றவை. செஸ்ட்நட், கெப்ராச்சோ மரங்களின் டானின் சிறிய அளவில் எச்சத்தை இறுக்கிக் கூளத்தை உலர்வாக வைக்க உதவுகிறது. அளவு மீறினால் புரதத்தைப் பிணைத்து வளர்ச்சியைக் குறைக்கும் என்பதைப் டானின் மிகுந்த பழைய சோள ரகங்களைப் போட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். யூக்காவின் சப்போனினைக் கொட்டகையின் அம்மோனியாவைக் குறைப்பதற்காகப் பயன்படுத்துகிறார்கள். இவை ஆன்டிபயாடிக்குக்கு மாற்று என்று சொல்வதைவிட, ஆன்டிபயாடிக் மறைத்துவைத்திருந்த ஈரக் கூளப் பிரச்சினைக்கான கைவைத்தியம் என்று சொல்வது பொருத்தம்.

மிளகாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறவைகளின் காரம் உணரும் ஏற்பி கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே மனிதர் வாயில் வைக்க முடியாத காரத்தையும் கோழி சலனமின்றிக் கொத்தும். தீவனம் உண்பது குறையும் என்ற அச்சம் இதில் தேவையில்லை. பலன் என்ன என்பது தனிக் கேள்வி.

போட்டியாளர்கள்

கரிம அமிலங்களில் ஃபார்மிக்கும் புரோப்பியானிக்கும் தீவனத்திலும் தண்ணீரிலும் உள்ள சால்மோனெல்லாவுக்கு எதிராக நம்பகமானவை. உறையிட்ட பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் செல்களுக்கே உணவாகிறது. தீவனத்தின் வழியாக சால்மோனெல்லா வருகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், எந்த மூலிகையையும்விட முதலில் அமிலத்தைத்தான் எடுப்பேன். தண்ணீரில் அமிலம் விடுபவர், சொட்டுத் தண்ணீர்க் குழாயின் உட்புறம் படிந்த வழுவழுப்பையும் பேட்ச் இடைவெளியில் கழுவ வேண்டும். தண்ணீர் வழியாக உயிருள்ள தடுப்பூசி கொடுக்கும் நாளில் அமிலத்தையும் குளோரினையும் நிறுத்த வேண்டும்.

நன்மை செய்யும் பாக்டீரியாக்களில் பேசில்லஸ் இனங்களின் வித்துகள் குச்சித் தீவனத்தின் சூட்டைத் தாங்குகின்றன. லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் தாங்காது, அதைத் தண்ணீரில் தருவதே முறை. முதிர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா குடியேற முடியாமல் போகிறது என்பதை 1973இல் பின்லாந்தின் எஸ்கோ நூர்மி காட்டினார். இந்த வழிக்கு அரை நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. முதல் நாள் குஞ்சிலிருந்தே தொடங்க முடிகிற பண்ணைக்கு இதன் மதிப்பு அதிகம். நொதிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை: கோதுமையோ பார்லியோ போடும் தீவனத்தில் அவற்றின் நார்ப்பொருளை உடைக்கும் சைலனேஸ், குளுக்கனேஸ் போன்ற நொதிகள் இல்லாமல் வேறு எந்தச் சேர்க்கையையும் பற்றிப் பேசுவது வீண்.

முடிவை உண்மையில் தீர்மானிப்பது

கறிக்கோழியில் ஆன்டிபயாடிக் நிறுத்தம் தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: மூன்றாவது வாரத்தையொட்டி வரும் குடல் அழுகல் நோய். ஐமீரியா குடற்சுவரைப் புண்ணாக்குகிறது. குறிப்பாக ஐமீரியா மாக்சிமா நடுக்குடலைத் தாக்கும்போது கசியும் புரதத்தில் கிளாஸ்டிரிடியம் பெருகுகிறது. வெளியே தெரியும் அறிகுறிகள் மெல்லியவை: எச்சத்தில் செம்மஞ்சள் சளி, செரிக்காத தீவனத் துணுக்கு, ஒரு கைப்பிடி கூளத்தை அழுத்தினால் உதிராமல் உருண்டையாக நிற்பது. செத்த கோழியை உடனே அறுத்துப் பார்த்தால் குடல் வாயு நிரம்பி ஊதி, மெலிந்து, உட்புறம் பழைய துவாலையைப் போலச் சொரசொரத்துக் கிடக்கும். சாகாத கோழிகளில் இதே நோய் மறைவாக இருந்து, எஃப்.சி.ஆரை மட்டும் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும்.

அயனோஃபோர் தொடரும் கொட்டகையில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இருக்கிறது. அங்கே தாவரச் சேர்க்கையின் வேலை அந்த 1 விழுக்காட்டை மீட்பது மட்டுமே. உறையிட்ட கார்வக்ரால்-தைமால் கலவையோ, பேசில்லஸோ, எது தீவனச் செலவில் குறைவான விழுக்காட்டில் வருகிறதோ அதை எடுக்கலாம். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

அயனோஃபோரும் இல்லாத கொட்டகையில் நிலைமை தலைகீழ். அங்கே முதல் செலவு ஐமீரியாவுக்கான உயிருள்ள தடுப்பூசிக்குப் போக வேண்டும். குஞ்சுப் பொரிப்பகத்தில் சீராகத் தெளிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசியின் ஒட்டுண்ணி கூளத்தின் வழியாகச் சுற்றி மீண்டும் குடலுக்குள் வரும் மூன்றாவது வாரத்தில்தான் குடலுக்குத் துணை தேவை. உறையிட்ட எண்ணெயையும் பியூட்டிரிக் அமிலத்தையும் இரண்டாம் வார இறுதியிலிருந்து நான்காம் வாரம் வரை மட்டும் செறிவாகக் கொடுப்பது, முதல் நாள் முதல் விற்பனை வரை மெல்லியதாகத் தூவுவதைவிட நல்ல செலவு என்பது என் கணிப்பு. சப்போனினும் சில மூலிகைச் சாறுகளும் ஐமீரியாவின் தாக்குதலைத் தணிப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. தடுப்பூசிக்கோ அயனோஃபோருக்கோ பதிலாக அவற்றை மட்டும் நம்பி 10,000 குஞ்சுகளை இறக்கும் துணிச்சலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கொட்டகையில் நெரிசல் அதிகமாகவோ, பேட்ச்களுக்கு இடையே இரண்டு வாரம் விட முடியாமலோ இருந்தால், அந்தப் பணத்தைச் சேர்க்கையில் போடுவதற்கு முன் காற்றோட்டத்திலும் கூளத்திலும் போடுவது முதலில் பலன் தரும்.

முட்டைக்கோழிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவை நீண்ட காலம் உண்கின்றன. சேர்க்கையின் செலவு மாதக்கணக்கில் ஏறுகிறது. பூண்டு போன்றவை அளவு கூடினால் முட்டையின் சுவையில் தலைகாட்டும். அங்கே அமிலமும் பேசில்லஸும் பெரும்பாலும் போதும்.

வாங்குவதற்கு முன்

‘100 விழுக்காடு மூலிகை’ என்ற அட்டையில் தகவல் எதுவும் இல்லை. செயற்படும் சேர்மம் எது, ஒரு கிலோவில் எத்தனை கிராம், எத்தனை மாதம் வரை அது குறையாது, கன உலோகங்களுக்கும் பூஞ்சை நச்சுக்கும் சோதனை உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தராத பொருளை ஒதுக்கிவிடலாம். நம்ப முடியாத அளவுக்குப் பலன் தரும் மூலிகைப் பொடி கிடைத்தால், அதில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் ஒருமுறை சோதிப்பதும் நல்லது. சட்டத்தின் பார்வையையும் கவனிக்க வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1831/2003 ஒழுங்குமுறையின்கீழ்ப் பெரும்பாலான தாவரப் பொருள்கள் சுவை, மணம் தரும் சேர்க்கைகளாகவே இடம்பெறுகின்றன, வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று உரிமை கோர வேண்டுமானால் வேறு பிரிவில் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். மணம் தரும் பொருள் என்று பதிவு செய்துவிட்டு மருந்தைப் போலப் பேசும் விற்பனைத் தாளை அந்தக் கண்ணோடு படிக்கலாம்.

சோதனையைத் தன் கொட்டகையிலேயே செய்வதுதான் கடைசி வழி. சென்ற பேட்ச்சோடு இந்தப் பேட்ச்சை ஒப்பிடுவது சோதனை அல்ல, ஏனெனில் குஞ்சும், மக்காச்சோளமும், பருவமும் மாறியிருக்கும். ஒரே நாளில், ஒரே பொரிப்பகத்தின் குஞ்சுகள் இறங்கும் இரண்டு கொட்டகைகளில் ஒன்றுக்குச் சேர்க்கையோடும் மற்றதற்கு இல்லாமலும் கொடுத்து, அடுத்த பேட்ச்சில் கொட்டகைகளை மாற்றிப் போட வேண்டும். தேடும் வித்தியாசமோ 0.016 போன்ற சிறிய எண். ஒரே மாதிரி நடத்தும் இரண்டு கொட்டகைகளுக்கு இடையிலேயே அதைவிட அதிக வேறுபாடு வருவது சாதாரணம். ஆகவே ஒரு பேட்ச்சின் முடிவை வைத்து எதையும் வாங்கவோ தள்ளவோ கூடாது. நாலைந்து பேட்ச்களில், கொட்டகை மாறினாலும் சேர்க்கை போட்ட பக்கமே தொடர்ந்து முன்னால் நின்றால் அதைத் தொடரலாம். முன்னும் பின்னுமாக ஊசலாடினால் அந்தச் சேர்க்கையை நிறுத்திவிட்டு, மூன்றாவது வாரத்தில் சில கோழிகளை அறுத்துக் குடல் புண்ணுக்கு இட்ட மதிப்பெண்களைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அடுத்த பேட்ச்சின் இரத்தக் கழிச்சல் தடுப்புத் திட்டத்தை மாற்றுவது குறித்துப் பேச வேண்டும்.